சொல்லி வைத்த தேதி

பழங்காநத்தத்தில் ஒரு பாத்திரக்கடையின் மாடியில் இருக்கிற அந்த ஆபீசில் திங்கட்கிழமை தோறும் மீட்டிங் நடக்கும். முதலாளி இம்மானுவேல் வெள்ளைப் பலகையில் கட்டம் கட்டமாகப் போடுவார், எல்லாரும் தலையாட்டுவார்கள், அதில் ஒரு முடிவாவது எடுத்ததாகச் சரித்திரம் கிடையாது. முடிவெல்லாம் எதிர்வாடை டீக்கடையில்தான். கையில் கிளாசும் வாயில் வடையுமாக நின்றுகொண்டு, "மாப்ள, அத இப்படி மாத்திருவோமா?" என்று இம்மானுவேல் கேட்பார். "மாத்திரலாம் சார்" என்பான் குருபிரசாத். குடித்த டீ வயிற்றில் இறங்குவதற்குள் மாடியேறி மாற்றியும் விடுவான். கெட்டிக்காரன்தான், இல்லையென்று சொல்லமுடியாது. ஆனால் மாற்றியதை நாலு பேருக்குச் சொல்ல வேண்டும் என்று மட்டும் அவனுக்குத் தோன்றியதே இல்லை. அந்த நாலு பேரும் பக்கத்தில் நின்று வடை தின்றுகொண்டுதானே இருந்தார்கள் என்பது அவன் கணக்கு.

தமிழ்வாணி அந்த நாலு பேரில் இல்லை. டீக்கடைக்கு வரக்கூடாது என்று அவளை யாரும் சொன்னதில்லை, வா என்றும் யாரும் கூப்பிட்டதில்லை. சிகரெட் புகைக்கு நடுவே முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு நிற்பதற்கு, வீட்டிலிருந்து கொண்டு வந்த பிளாஸ்க் காப்பியைத் தன் மேஜையிலேயே குடிப்பது அவளுக்கு வசதியாக இருந்தது. இதில் சங்கடம் என்னவென்றால், அந்த ஆபீசில் கையேடு எழுதுகிறவள் அவள்தான்.

அவர்கள் செய்து விற்பது கல்யாண மண்டபங்களுக்கான ஒரு பிளகின். மண்டபத்துக்காரர் தன் வெப்சைட்டில் அதைச் சேர்த்துக்கொண்டால், எந்த முகூர்த்தம் காலி, எது போய்விட்டது என்று ஊர் முழுக்கப் பார்க்கலாம், செல்போனிலேயே பதிவும் செய்யலாம். மற்ற ஊர்க்காரர்கள் செய்த இந்த மாதிரிச் சரக்கில் இரண்டே நிலைதான்: காலி, உறுதி. இவர்களுடையதில் மூன்றாவதாக ஒன்று உண்டு. அதன் பெயர் 'சொல்லி வைத்தது'. மதுரைப் பக்கத்தில் அது இல்லாமல் மண்டபம் நடத்தமுடியாது. பெண் வீட்டார் மனதுக்குள் ஒரு தேதியைக் குறித்துவிடுவார்கள். ஆனால் மாப்பிள்ளை வீட்டார் வந்து பேசி முடித்து, பெண் வீட்டில் சாப்பிட்டுக் கை நனைக்கும் வரைக்கும் முன்பணம் என்று ஒன்று கட்டமாட்டார்கள். பேச்சு முடியும் முன்னால் பணம் கட்டுவது அதிகப்பிரசங்கித்தனம், கண்பட்டுவிடும் என்று ஒரு பயம் வேறு. அதற்காக மண்டபத்தை விட்டுவிடவும் முடியாது. அதனால் மண்டபத்தில் வாய்வார்த்தையாகச் சொல்லி வைப்பார்கள். யார் வீட்டுக் கல்யாணம் என்பதை மண்டபத்துக்காரரும் வெளியே மூச்சுவிடக்கூடாது.

இந்த மூன்றாவது நிலைக்கான பட்டனைப் பற்றித் தமிழ்வாணி கையேட்டில் எழுதிய வரி இது: 'சொல்லி வைத்த தேதி, நீங்களாக விடுவிக்கும் வரை உங்களுக்காகவே இருக்கும்.' எழுதிய அன்று அது உண்மைதான்.

புதுப் பதிப்பு ஒவ்வொன்றும் வெளியே போவதற்கு முன்னால் அவள் ஒரு காரியம் செய்வாள். கையேட்டை வைத்துக்கொண்டு, வரி வரியாக, தான் எழுதியது நடக்கிறதா என்று செய்து பார்ப்பாள். அதற்கென்றே கம்ப்யூட்டருக்குள் ஒரு பொய் மண்டபம் வைத்திருந்தாள். அந்த மண்டபத்தில் குருபிரசாத்துக்கு ஆன கல்யாணங்களுக்குக் கணக்கில்லை. பாவம், நிஜத்தில் அவனுக்கு இன்னும் ஜாதகமே எடுக்கவில்லை.

ஆனி மாசக் கடைசி. ஆடி பிறப்பதற்குள் பேச வேண்டியதைப் பேசி முடித்துவிட வேண்டும் என்று ஊரே பறந்துகொண்டிருந்த வாரம். அன்று காலையில் பொய் மண்டபத்தைத் திறந்த தமிழ்வாணி கண்ணைத் தேய்த்துக்கொண்டு மறுபடியும் பார்த்தாள்.

"குரு, ஆவணியில உனக்கு ஒரு கல்யாணம் சொல்லி வச்சிருந்தேனே, எங்கப்பா அது? காலின்னு காட்டுது."

"பத்து நாள் தாண்டியிருக்கும்க்கா. அதுவா விட்ரும்." அவன் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"அதுவா எப்படி விடும்?"

"போன மாசம் மாத்துனோம்ல. பைபாஸ்ல ஒரு பெரிய மண்டபத்துக்காரர் சத்தம் போட்டாராம், சொல்லி வச்சிட்டு ஆளுங்க திரும்பியே பாக்க மாட்டேங்கிறாங்கன்னு. டீ குடிக்கையில சார் சொன்னாரு, மாத்திட்டேன். எல்லா மண்டபத்துக்கும் போயிருச்சு. பதிப்புக் குறிப்புலகூட எழுதியிருக்கேனே."

தமிழ்வாணி பதிப்புக் குறிப்பை எடுத்துப் பார்த்தாள். 'சில்லறைத் திருத்தங்கள்' என்று இருந்தது. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவன் எல்லாப் பதிப்புக்கும் அதையேதான் எழுதிக்கொண்டிருக்கிறான். அவளுடைய சோதனையோ சொல்லி வைத்த அன்றே முடிந்துவிடும், பத்து நாள் கழித்து நடப்பது அதில் தெரிந்திருக்காது. அவளுக்குக் கோபத்தை முந்திக்கொண்டு பயம் வந்தது. திருமங்கலத்து செல்லக்கிளி அக்காவின் குரல் காதில் கேட்டது.

செல்லக்கிளி திருமங்கலத்தில் ஒரு மண்டபத்தை நிர்வாகம் பண்ணுகிறவள். இவர்களுடைய வாடிக்கையாளர்களிலேயே கையேட்டை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை படித்த ஒரே ஆள். வைகாசியில் போன் செய்து, "வாணி, ஒரு பெரிய வீட்டுக் கல்யாணம் வந்திருக்கு. மேலக்கரைப்பட்டி உக்கிரபாண்டி அண்ணன் மக. வெளிய சொல்லிராத. இன்னும் பேசி முடிக்கல. சொல்லி வச்சிட்டா தேதி எங்கயும் போயிராதுல்ல?" என்று கேட்டாள். "நீங்களா விடுற வரைக்கும் போகாதுக்கா. நான் எழுதியிருக்கேன்ல" என்று தமிழ்வாணி சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். எழுதியதோடு நில்லாமல் வாயாலும் வாக்குக் கொடுத்திருந்தாள்.

இம்மானுவேலின் அறைக்குள் அவள் போன வேகத்தைப் பார்த்து அவர் எழுந்தே நின்றுவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் நிம்மதியாக உட்கார்ந்தார்.

"இம்புட்டுத்தானா? கையேட்டுல அந்த ஒரு வரிய மாத்திரும்மா. முடிஞ்சது சோலி."

பின்னாலேயே வந்த குருபிரசாத்தும் ஒத்து ஊதினான். "புரோகிராம் கோடு என்ன சொல்லுதோ அதானக்கா நடக்கும். கையேடு அதுக்குப் பின்னாடிதானே வரணும்."

"இனிமே படிக்கப் போறவங்களுக்கு நீ சொல்றது சரி," என்றாள் தமிழ்வாணி. "படிச்சு முடிச்சு, அத நம்பி, சம்பந்தி வீட்டுக்கு மண்டபத்துப் பேரையும் சொல்லிட்டு உக்காந்திருக்காங்களே, அவங்க திரும்ப வந்து படிச்சுப் பாப்பாங்களா? நீ மாத்துனது டீக்கடைக்குத்தான் தெரியும். நான் எழுதுனது ஊருக்கே தெரியும். ஊருக்குத் தெரிஞ்ச மாதிரி கோடு நடக்கட்டும் சார். பைபாஸ்காரருக்கு வேணும்னா தனியா ஒரு பட்டன் வச்சுக் குடுப்போம்."

இம்மானுவேல் கழுத்தைச் சொறிந்தார். போன வருஷம் தங்கச்சி கல்யாணத்துக்கு மண்டபம் கிடைக்காமல் வாடிப்பட்டிக்கும் மதுரைக்குமாக அலைந்து செருப்புத் தேய்ந்தவர் அவர். அந்த அலைச்சல் அவர் முகத்தில் திரும்ப வந்து போனதைத் தமிழ்வாணி பார்த்தாள். "பழையபடி ஆக்கு மாப்ள," என்றார். "அதுக்கு முன்னாடி, எந்தெந்த மண்டபத்துல எந்தெந்தத் தேதி இப்படி விட்டுப் போச்சுன்னு எடு."

குருபிரசாத் எடுத்தான். நல்லவேளையாக, விட்டுப்போன தேதிகளில் ஏறக்குறைய எல்லாமே இன்னும் காலியாகத்தான் கிடந்தன, அந்தந்த மண்டபத்துக்கு ஒரு போன் போட்டுத் திரும்ப வைத்துவிடலாம். ஒன்றே ஒன்று மட்டும் கை நழுவிப் போயிருந்தது. திருமங்கலம் மண்டபம், ஆவணி வளர்பிறை முகூர்த்தம். திருப்பூரிலிருந்து சிவபாண்டி என்பவர் முந்தின நாள் செல்போனிலேயே காதணி விழாவுக்குப் பதிந்து முன்பணமும் கட்டியிருந்தார். உறுதி என்று பச்சையில் காட்டியது.

தமிழ்வாணி போன் செய்தபோது செல்லக்கிளிக்கு இது தெரியவே தெரியாது. "ஒரு காதுகுத்து பதிஞ்சிருக்குன்னு போன்ல மணியடிச்சுச்சு. வேற தேதியா இருக்கும்னு நெனச்சேன். அவரும் இன்னைக்கு மத்தியானம் மண்டபத்தப் பாக்க வாரேன்னாரு" என்றவள், விவரத்தைக் கேட்டதும் மண்டபத்து நாள்காட்டியைப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள்.

"வாணி, வர்ற வெள்ளிக்கிழமைதான் மாப்ள வீட்டாளுக வாராக. அத விட்டா ஆடி. அந்த முகூர்த்தத்துக்கு இந்தச் சுத்துப்பட்டுல வேற ஒரு மண்டபம் காலியில்ல. சொன்ன மண்டபத்தையே பிடிக்கமுடியாதவன் என்னத்தக் கல்யாணம் பண்ணப்போறான்னு சம்பந்தக்காரக எந்திரிச்சுப் போயிருவாக. அந்தப் புள்ளைக்கு இது ரெண்டு வருசமாத் தேடிக் கிடைச்ச எடம். உம் பேச்ச நம்பித்தான் நான் அவருக்கு வாக்குக் குடுத்தேன்."

திட்டியிருந்தால் தேவலை என்று தமிழ்வாணிக்கு இருந்தது. "நாங்க இப்பவே வாரோம்க்கா," என்றாள்.

குருபிரசாத் புரோகிராமைப் பழையபடி ஆக்கி எல்லா மண்டபத்துக்கும் அனுப்பிவிட்டு, மடிக்கணினியைப் பையில் போட்டுக்கொண்டு அவள் பின்னால் ஓடினான். மற்ற மண்டபங்களுக்குப் போன் செய்யும் வேலையை இம்மானுவேல் தன் தலையில் போட்டுக்கொண்டார். பழங்காநத்தத்தில் திருமங்கலம் பஸ் கிடைத்தது, உட்கார இடமும் கிடைத்தது. பஸ் திருநகரைத் தாண்டியது.

"எம்மேல கோவமாக்கா?" என்று குருபிரசாத் மெல்லக் கேட்டான்.

"ஆமா."

அவன் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டான். அவன் காது சிவந்திருந்தது. பார்க்கப் பரிதாபமாக இருந்தாலும், அவள் சமாதானம் சொல்கிற நிலையில் இல்லை. முகம் தெரியாத அந்தப் பெண்ணைத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள். ஒரு பட்டன் தானாக விட்டுப் போனதால் தன் கல்யாணம் நின்றது என்று யாராவது சொன்னால் அந்தப் பெண்ணுக்குப் புரியவாவது புரியுமா? காரணம் தெரியாமலே தன் ராசியை நொந்துகொண்டு கிடப்பாள்.

மண்டபத்தில் செல்லக்கிளி சமையற்கூடத்துப் பக்கத்து அறையில் உட்கார்ந்திருந்தாள். நாற்பதைத் தாண்டிய, கொஞ்சம் கனத்த உடம்புக்காரி. "வாங்க" என்றாள், மோர் கொடுத்தாள். அவர்கள் மோரைக் குடித்து முடிப்பதற்குள் சிவபாண்டி வந்துவிட்டார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, திருப்பூரில் சொந்தமாகப் பனியன் கம்பெனி நடத்துகிறவருக்கு உள்ள தெம்பு. மண்டபத்தைச் சுற்றிப் பார்த்து, பந்தி நடக்கும் ஹாலில் நின்று மேலே இருந்த மின்விசிறிகளை எல்லாம் போடச் சொல்லிப் பார்த்து, திருப்தியாக வந்து உட்கார்ந்தார்.

தமிழ்வாணி சுற்றி வளைக்கவில்லை. "அண்ணே, நீங்க பதிஞ்ச தேதி வேற ஒரு கல்யாணத்துக்கு ஏற்கெனவே சொல்லி வச்சது. எங்க சாப்ட்வேர்ல நடந்த தப்புல அது காலின்னு உங்களுக்குக் காட்டிருச்சு. தப்பு முழுக்க எங்க மேலதான். நீங்க மனசு வச்சு வேற தேதிக்கு மாறிக்கிட்டா ஒரு பொண்ணு கல்யாணம் நிக்காம நடக்கும்."

சிவபாண்டி முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "என்னம்மா பேசுறீக? நான் பாத்து, பதிஞ்சு, முன்பணம் கட்டி, எங்க வீட்ல எல்லாருக்கும் சொல்லியாச்சு. அவுக முன்பணம் கட்டியிருக்காகளா?"

"இல்லண்ணே. சொல்லித்தான் வச்சிருக்காங்க."

"அப்ப யாரு முந்தினது? யாருக்கும்மா கல்யாணம்?"

தமிழ்வாணி செல்லக்கிளியைப் பார்த்தாள். பேசி முடியாத கல்யாணத்தின் பேரை வெளியே சொல்வது, மண்டபத்தை விட்டுக்கொடுப்பதை விடப் பெரிய துரோகம். "அதக் கேக்காதீகண்ணே, நான் சொல்லக்கூடாது" என்றாள் செல்லக்கிளி.

"பேரச் சொல்ல மாட்டீக, எந்த ஊருன்னும் சொல்ல மாட்டீக, நான் மட்டும் எந்திரிச்சுப் போகணுமாக்கும்." அவர் எழுந்தே விட்டார். எல்லாம் முடிந்தது என்றுதான் தமிழ்வாணி நினைத்தாள்.

செல்லக்கிளி மட்டும் உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை. "கோச்சுக்கிறாதீகண்ணே. நான் ஒண்ணு கேக்கேன். திருப்பூர்ல இருக்கீக, விசேசத்தத் திருமங்கலத்துல வைக்கிறீக. சொந்த ஊரு எது?"

"மேலக்கரைப்பட்டி. பொழப்புக்காகத் திருப்பூர் போய் வருசமாச்சு. சனம் பூரா இங்கதான். அதுக்குத்தானே இங்க வைக்கிறது."

செல்லக்கிளியின் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. தமிழ்வாணிக்கும் அந்த ஊர்ப்பெயர் சுருக்கென்று தைத்தது. "அப்படியா," என்று செல்லக்கிளி சேலைத் தலைப்பால் விசிறிக்கொண்டாள். "அந்தக் கல்யாணக்காரகளும் உங்க ஊருதான். இதுக்கு மேல எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காதீக."

சிவபாண்டி நின்றபடியே யோசித்தார். "எங்க ஊர்ல, இம்புட்டுப் பெரிய மண்டபத்துல, ஆவணியில வைக்கிற அளவுக்குக் கல்யாண வயசுல பொண்ணு இருக்கிற வீடு..." விரலை மடக்கினார், நீட்டினார். "நம்ம உக்கிரபாண்டி மாமா வீடா?"

செல்லக்கிளி ஜன்னல் வழியாக வெளியே நின்ற வேப்பமரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மறுக்கவில்லை. அந்தப் பக்கத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான்.

சிவபாண்டி பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தார். தலையில் கை வைத்துக்கொண்டார். "அடி ஆத்தி," என்றார். "நல்ல வேளை சொன்னீக தாயி. நான் செத்திருப்பேன்."

"என்னண்ணே?" என்றாள் தமிழ்வாணி.

"என்னவா? அவர் வீட்டுக் கல்யாணத்துக்கு வர்ற சனமும் எம்புள்ள காதுகுத்துக்கு வர்ற சனமும் ஒரே சனம்மா. ரெண்டையும் ஒரே நாள்ல வச்சா, ஊரு அவர் பக்கம்தான் போகும், அவருதான் பெரிய தல. எங்க வீட்டுச் சீர் செய்முறைக்கு முன்ன நிக்க வேண்டியதே அவருதான். இந்த மண்டபம் எனக்குத்தான்னு நான் வம்படியாப் பிடிச்சேன்னு வைங்க, அவரு ஊர்ல பந்தலப் போட்டாவது அதே முகூர்த்தத்துல வப்பாரு. இங்க எம் பந்தியில சமையல்காரனும் நானும் எதிரெதிரா உக்காந்து சாப்பிட்டுக்கிட்டிருக்கணும். மொய் எழுத வந்தவன் தூங்கிப் போயிருவான். ஏழு தலைமுறைக்கும் பேச்சு வேற வந்திருக்கும், மாமன் வீட்டு மண்டபத்தப் பறிச்சவன்னு."

குருபிரசாத் பக்கென்று சிரித்துவிட்டான். சிரித்த பிறகுதான் சிரிக்கலாமா என்று பார்த்தான். சிவபாண்டியே சிரித்துக்கொண்டிருந்தார். செல்லக்கிளி எழுந்து போய் அவருக்கு இன்னொரு செம்பு மோர் கொண்டு வந்தாள். தமிழ்வாணிக்கு அழுகை வரும்போல இருந்தது, அதை மிச்சமிருந்த மோரோடு சேர்த்து விழுங்கினாள்.

ஆவணிக் கடைசி முகூர்த்தம் ஒன்று காலியாக இருந்தது. பிள்ளையின் தாய்மாமனைக் கேட்காமலே சிவபாண்டி அதற்குத் தலையாட்டினார். "மச்சினன் என்ன சொல்லிருவான். விசயத்தச் சொன்னா கால்ல விழுந்து கும்பிடுவான். கட்டுன பணம் கட்டுனபடி இருக்கட்டும்." காதணி விழா அந்தப் பக்கம் நகர்ந்தது. வளர்பிறை முகூர்த்தத்தில் செல்லக்கிளி உக்கிரபாண்டியின் பெயரைத் திரும்ப எழுதி, 'சொல்லி வைத்தது' என்ற பட்டனுக்கு மேலே விரலை வைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"வாணி, இப்ப இது இருக்குமா?"

இருக்கும் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. வைகாசியிலும் இப்படித்தான் வாய் வரைக்கும் வந்ததைச் சொல்லியிருந்தாள். "ஒரு நிமிசம்க்கா" என்று சொல்லிவிட்டு, குருபிரசாத்தின் மடிக்கணினியை வாங்கினாள். தன் பொய் மண்டபத்தில் ஒரு தேதியைச் சொல்லி வைத்தாள். அதன் நாள்காட்டியை ஆடிக்கு நகர்த்தினாள். தேதி அப்படியே இருந்தது. ஆவணிக்கு நகர்த்தினாள். இருந்தது. போதும்க்கா என்று குருபிரசாத் சொன்னான். அவள் கேட்கவில்லை, தை மாசம் வரைக்கும் கொண்டுபோய் நிறுத்திப் பார்த்தாள். சிவபாண்டி இது என்ன பூசை என்று புரியாமல் மூன்று பேர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்கும்க்கா," என்றாள். "செஞ்சு பாத்துட்டுத்தான் சொல்றேன்."

செல்லக்கிளி பட்டனை அழுத்தினாள். அழுத்திய கையோடு மேஜை மேலிருந்த அவள் போன் அடித்தது. பெயரைப் பார்த்ததும் அவள் முகம் மாறியது. உக்கிரபாண்டி. செல்லக்கிளிக்குப் போனைக் காதில் வைக்கும் பழக்கமில்லை, ஸ்பீக்கரில்தான் பேசுவாள். சிவபாண்டியைப் பார்த்து உதட்டில் விரலை வைத்துக் காட்டிவிட்டுப் போனை எடுத்தாள். அவர் இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"தாயி, நல்லாருக்கியா? வெள்ளிக்கிழமை அவுக வாராக. சொன்ன மண்டபமும் தேதியும் அதேதானான்னு கேட்டா ஆமான்னு சொல்லிரலாம்ல?"

"தாராளமாச் சொல்லுங்கண்ணே. உங்க தேதி பத்திரமா இருக்கு."

"தெரியும் தாயி. வைகாசியிலயே நீ சொல்லிட்டியே, அன்னைக்கோட எனக்கு அந்தக் கவல விட்டுப்போச்சு. வீட்ல இவதான் எதுக்கும் ஒரு வார்த்த கேளுங்கன்னா. சரி, வச்சிரவா?"

வைத்துவிட்டார். சிவபாண்டி வாயிலிருந்து கையை எடுத்துப் பெருமூச்சு விட்டார். தமிழ்வாணி எழுந்துபோய், செல்லக்கிளியின் தோளுக்கு மேலே குனிந்து அந்தத் தேதியை இன்னொரு தடவை பார்த்தாள். இருந்தது.